சமையலறை அலமாரி: அசல் மரமா, மரம் மாதிரியா?

மூக்கடைப்பு, அடுக்குத் தும்மல், கண் எரிச்சல் என்று வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "சமீபத்தில் வீட்டில் மர வேலை ஏதாவது நடந்ததா?"

"என்ன டாக்டர், மூக்குக்கும் மர வேலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் சிரிப்பார்கள். சம்பந்தம் நிறையவே இருக்கிறது!

இன்று சமையலறைக்கு அலமாரி போடப் போனால், கடைக்காரர் இரண்டு மாதிரிகளை எடுத்து வைப்பார். ஒன்று, நிஜத் தேக்கின் ரேகை ஓடும் 'வெனீர்'. மற்றது, அதே ரேகையை அச்சடித்த மைக்கா. "நிஜ மரம்தான் உடம்புக்கு நல்லது, அதில் கெமிக்கல் கிடையாது" என்பார் வீட்டுக்காரர். "எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கப் போறது நான்தானே? மைக்காவே போதும்" என்பார் வீட்டம்மா. யார் சொல்வது சரி?

வீட்டம்மா சொல்வதுதான் சரி. ஆனால், இருவருமே பார்க்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதில்தான் ஆரோக்கியமே அடங்கியிருக்கிறது.

தோல் வேறு, உடம்பு வேறு

வெனீர் என்பது முழு மரம் அல்ல. மரத்தை அப்பளத்தைவிட மெல்லிசாக, சுமார் அரை மில்லிமீட்டர் கனத்தில் சீவி எடுத்த தகடு. மைக்கா என்பது பிசினில் ஊறிய காகிதங்களை அடுக்கி, சூட்டில் அழுத்திச் செய்த சுமார் 1 மில்லிமீட்டர் தகடு. 1913-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் இதைத் தயாரிக்க ஆரம்பித்தபோது, மின் சாதனங்களில் மைக்கா என்ற கனிமத்துக்குப் பதிலாகத்தான் பயன்பட்டது. அதனால் 'பார்மைக்கா' என்று பெயர் வந்தது. நாமும் இன்றுவரை 'மைக்கா ஒட்டுறது' என்றே சொல்கிறோம்.

இரண்டுமே மேல்தோல்தான். அதற்கு உள்ளே இருக்கும் உடம்பு வேறு. அது ப்ளைவுட்டாக இருக்கலாம், மரத்தூளைப் பசையில் பிசைந்த பார்ட்டிகிள் போர்டாக இருக்கலாம், எம்.டி.எஃப். பலகையாகவும் இருக்கலாம். "தேக்கு வெனீர் போட்டிருக்கேன்" என்று பெருமைப்படுகிறவர் வீட்டிலும் உள்ளே இருப்பது தூள் பலகையாக இருக்கக்கூடும்!

நெடி எங்கிருந்து வருகிறது?

இந்தப் பலகைகளை ஒட்டவைக்கும் பசைகளில் மலிவானது யூரியா ஃபார்மால்டிஹைடு. இதிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நாங்கள் கல்லூரியில் உடற்கூறு வகுப்புக்குள் நுழைந்ததும் கண்ணைக் கரிக்குமே, ஃபார்மலின், அது இந்த வாயு கரைந்த தண்ணீர்தான்.

கண் எரியும், மூக்கும் தொண்டையும் கரகரக்கும், வீசிங் உள்ள குழந்தைகளுக்குத் தொல்லை கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. உடனே பயந்துவிடாதீர்கள். அந்த முடிவுக்கு முக்கிய ஆதாரம், தொழிலில் வருடக்கணக்காக அதிக அளவு சுவாசித்தவர்களிடம் கிடைத்தது. வீட்டில் நாம் முதலில் கவனிக்க வேண்டியது கண், மூக்கு, மூச்சுத் தொல்லையைத்தான். வீட்டுக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இது இருக்கக்கூடாது என்று 2010-ல் அதே நிறுவனம் வரம்பு வைத்தது.

சூடும் ஈரமும் கூடினால் இந்தக் கசிவும் கூடும். நம் ஊர் சமையலறையில் இரண்டுக்கும் பஞ்சமா? அங்கே அதிக நேரம் நிற்பது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

எந்தப் பலகை?

மேல்தோலைப் பார்ப்பதற்கு முன், "உள்ளே என்ன பலகை?" என்று கேளுங்கள். ப்ளைவுட்டில் தர முத்திரை இருக்கும்.

எம்.ஆர். என்றால் ஈரத்தை ஓரளவு தாங்கும், அவ்வளவுதான். தண்ணீர் தாங்காது. பெரும்பாலும் யூரியா பசை. படுக்கையறைக்குச் சரி, சமையலறைக்கு வேண்டாம்.

பி.டபிள்யூ.ஆர். என்றால் கொதிநீரையும் ஓரளவு தாங்கும். ஃபீனால் வகைப் பசை. இதில் வாயுக் கசிவு மிகக் குறைவு.

ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது மெரைன் ப்ளைவுட். 72 மணி நேரம் கொதிக்க வைத்துச் சோதிக்கும் தரம். தொட்டியை ஒட்டிய அலமாரிக்கு இதுதான் ஏற்றது.

பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஈ-1 அல்லது ஈ-0 என்ற குறைந்த கசிவு வகையைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் படும் இடத்தில் அவற்றை வைக்காதீர்கள், ஊறி உப்பிவிடும்.

சந்தேகமா? கடையில் ஒரு துண்டு வாங்கி, சமையலுக்கு உதவாத பழைய பாத்திரத்தில் போட்டு, வெளியே வைத்து நாலைந்து மணி நேரம் கொதிக்க விடுங்கள். அதற்கே அடுக்கு பிரிந்தால், கடைக்காரர் என்ன சொன்னாலும் அது உங்கள் சமையலறைக்கு ஆகாது.

வெனீர் எங்கே, மைக்கா எங்கே?

வெனீருக்கு மேலே பாலிஷ் போட்டே ஆகவேண்டும். பரவலாகப் போடப்படும் மெலமைன் பாலிஷ், காயும்போது அதே ஃபார்மால்டிஹைடை வெளிவிடும்! 'நிஜ மரம், கெமிக்கல் இல்லை' என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது. தவிர, பாலிஷ் தேய்ந்த இடத்தில் மஞ்சள் கறையும் எண்ணெயும் இறங்கினால் எடுப்பது கஷ்டம். ஆவி பட்டுப் பட்டு ஓரம் கிளம்பும். அடுப்பிலிருந்தும் தொட்டியிலிருந்தும் தள்ளி, கூடத்திலோ பூஜை அலமாரியிலோ வெனீர் போடுங்கள். அழகாக இருக்கும், நாளும் நீடிக்கும்.

சமையலறைக்கு மைக்காதான். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். ஆனால், பலகையின் வெளிப்பக்கம் மட்டும் ஒட்டினால் போதாது. உள்பக்கமும் ஒட்டி, நாலு ஓரங்களையும் பட்டை ஒட்டி மூடச் சொல்லுங்கள். திறந்த ஓரம் வழியாகத்தான் வாயு வெளியே வருகிறது, தண்ணீர் உள்ளே போகிறது. ஈரம் போனால் பூஞ்சை. இடுக்கு இருந்தால் கரப்பான். இரண்டுமே ஆஸ்துமாவைக் கிளறிவிடும்.

செலவைக் குறைக்க வேண்டுமா? தட்டுகளுக்குக் கடப்பா கல் வைத்து, கதவுக்கு மட்டும் பலகை போடுங்கள். நம் வீடுகளில் காலங்காலமாக இருந்த முறைதான். தொட்டிக்குக் கீழே மரமே வேண்டாம்.

வேலை நடக்கும்போதும், முடிந்த பிறகும்

மரத்தூளும் சாதாரணமானதல்ல, அதுவும் அந்தப் புற்றுநோய்ப் பட்டியலில் 1995 முதல் இருக்கிறது. பலகை அறுப்பதும் இழைப்பதும் மாடியிலோ வாசலிலோ நடக்கட்டும். தச்சருக்கு முகமூடி வாங்கிக் கொடுங்கள். உங்கள் வீட்டு வேலைக்காக அவர் மூச்சு கெடவேண்டாம்.

வேலை முடிந்ததும் எல்லாக் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்து போட்டு, ஜன்னலைத் திறந்து மின்விசிறியை ஓடவிடுங்கள். கசிவு முதல் சில வாரங்களில்தான் அதிகம். மாதம் ஆக ஆகக் குறையும். கர்ப்பிணிகளோ, கைக்குழந்தையோ, ஆஸ்துமா உள்ளவர்களோ இருந்தால், நெடி அடங்கிய பிறகே அந்தச் சமையலறையைப் புழங்கட்டும்.

"சாம்பிராணி போட்டா வாசனை போயிடாதா சார்?" வாசனை மறையும், வாயு மறையாது! எந்தப் புகையிலும் அதே வாயு கொஞ்சம் இருக்கிறது. அதனால் இன்னும் கூடத்தான் செய்யும். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் அடைத்த மூக்குக்குச் சற்று ஆறுதல் கிடைக்கும். ஆனால் காரணம் அலமாரியில் இருக்கும்போது மூக்குக்கு மட்டும் வைத்தியம் பார்த்து என்ன பயன்? வீசிங்குக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள் அதை நிறுத்தவே கூடாது.

வீட்டை விட்டு வெளியே போனால் தொல்லை குறைந்து, திரும்பி வந்தால் கூடுகிறதா? மருத்துவரிடம் போகும்போது புது அலமாரி வந்த தேதியையும் மறக்காமல் சொல்லுங்கள். கடைக்குப் போகும்போது மேல்தோலின் ரேகையை அப்புறம் ரசிக்கலாம். முதலில் பலகையைத் திருப்பி, முத்திரையைப் படியுங்கள்.