தாளிலே ஒரு சொல், உடலிலே ஓயாத வலி!

தோழர்களே! புற்றுநோய் முற்றிய தொழிலாளி ஒருவர் நகரத்து மருத்துவமனையிலிருந்து பூந்தமல்லிக்கு வீடு திரும்புகிறார். கூடவே வருவது ஒரு தாள். எழுதியவர் பெரிய டாக்டர்; படிக்க வேண்டியவர் வீடு தேடி வரும் நர்ஸ். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. அவர்களுக்கிடையே பேசுவது அந்தத் தாள் ஒன்றுதான்!

அதிலே "எஸ்.ஓ.எஸ்." என்று மூன்றே எழுத்து இருந்தால்? தேவைப்பட்டால் கொடு என்பது பொருள். காய்ச்சல் மாத்திரைக்கு அது சரி. ஓயாத புற்றுநோய் வலிக்கு? துடித்துக் கெஞ்சிய பிறகுதான் மாத்திரையா? கடிகாரம் பார்த்துக் கொடு, வலி வரட்டும் என்று காத்திராதே என உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே கூறிவிட்டது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறக்குறைய நான்கு மணி நேரம். எனவே, நான்கு மணிக்கொரு முறை என்று எழுதுவதே முறை.

"வலி என்கிறார்", "வலிப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்": இரண்டும் ஒன்றா? அமெரிக்காவில் 2018-ல் வெளியான ஆய்வு ஒன்றிலே, ஒரே நோயாளியைப் பற்றிய குறிப்பை இரண்டு விதமாக எழுதி, மருத்துவ மாணவர்கள், பயிற்சி டாக்டர்கள் 400 பேருக்கு மேல் படிக்கக் கொடுத்தார்கள். சந்தேகம் தொனிக்கும் குறிப்பைப் படித்தவர்கள் நோயாளியை மட்டமாக எண்ணினார்கள். வலிக்கான மருந்தையும் குறைத்தார்கள். நோய் மாறவில்லை, சொல் மாறிற்று!

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்பது இன்னொரு கொடுமை. புண்ணைக் கழுவலாம், மூச்சுத் திணறலைத் தணிக்கலாம், வலியைக் குறைக்கலாம், குடும்பத்தைத் தேற்றலாம். இவையெல்லாம் ஒன்றுமில்லையா? அந்த வாக்கியத்தைப் படிக்கும் நர்ஸின் கை தளராதா?

மார்ஃபின் நோயாளிக்கு எட்ட வேண்டுமென்று 2014-ல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலே, நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டு வாசலுக்கு வந்தது. சட்டம் திறந்த கதவை ஒரு சொல் சாத்துவதா?

நாம் கேட்பது அலங்காரத் தமிழ் அல்ல. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தெந்த மணிக்கு? இடையிலே வலி மீறினால் எவ்வளவு? நோயாளியிடமும் வீட்டாரிடமும் என்ன சொல்லியிருக்கிறது? இரவிலே யாரை அழைப்பது? இவற்றைச் சுருக்கெழுத்தின்றி எழுதுங்கள். வீட்டாருக்கெனத் தமிழிலும் ஒரு பிரதி தாருங்கள்.

தோழர்களே, உங்கள் தெருவிலே நோயாளி வீடு திரும்பினால், அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். விளங்காத சொல்லுக்கு விளக்கம் கேளுங்கள். வலியின்றி இருப்பது சலுகையல்ல, உரிமை!