இலேசான நெஞ்சு வலி: வாயுவா, இதயமா?

நெஞ்சில் இலேசாக ஒரு வலி தோன்றினால் சிலர் மாரடைப்போ என்று நடுங்குகிறோம். பலரோ 'வாயுதான்' என்று சோடாவைக் குடித்துவிட்டு மறந்துவிடுகிறோம். இவ்விரண்டுமே அறிவியல் நோக்கு ஆகா. வலி எங்கிருந்து பிறக்கிறது என்று சிறிது ஆராய்வோம்.

மார்புக்கூட்டினுள் இதயம் மட்டும் இல்லை. விலா எலும்புகள், அவற்றை மார்பெலும்போடு இணைக்கும் குருத்தெலும்புகள், தசைகள், நுரையீரலைப் போர்த்திய உறை, உணவுக்குழல் ஆகியனவும் அங்கேதான் உள்ளன. எது நலிவுற்றாலும் நெஞ்சு வலிக்கலாம்.

பாரம் தூக்கியதாலோ விடாத இருமலாலோ குருத்தெலும்பு வீக்கமுற்றால், விரலால் அழுத்தும்போது அவ்விடம் வலிக்கும். இரைப்பையின் அமிலம் உணவுக்குழலில் ஏறினால் நெஞ்சு எரியும்; உண்டவுடன் படுத்தால் அது மிகும். நுரையீரல் உறை அழற்சியில் மூச்சை ஆழ இழுக்கும்போது குத்தும். இதயத்தின் உறை அழற்சியுற்றால் படுக்கும்போது வலி மிகும். முன்புறம் சாய்ந்து அமர்ந்தால் குறையும். நம் வயதினருக்குச் சில நேரம் இடப்புற மார்பில் ஊசி குத்தினாற்போல் வலி தோன்றிச் சிறிது நேரத்தில் மறையும். 1955-இல் மில்லர், டெக்ஸிடார் என்போர் விவரித்த இவ்வலி தீங்கற்றது.

இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் கரோனரித் தமனிகள் குறுகுவதால் வரும் வலியோ வேறு வகை. 1768-இல் இலண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் இதனை விளக்கினார். நடக்கும்போது, சிறப்பாக மேடேறும்போது, நெஞ்சு இறுகும், நின்றால் நீங்கும். உழைக்கும் தசைக்கு வேண்டிய ஆக்ஸிஜன் கிடைக்காமையே காரணம். இதயத்தின் நரம்புகளும் இடக்கையின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே பகுதியைச் சேர்வதால், வலி கையிலும் உணரப்படுகிறது.

மூட்டை தூக்கும் தொழிலாளியான என் தந்தையார், படியேறும்போது வந்த இறுக்கத்தை ஓமத்தண்ணீர் குடித்தே பல மாதங்கள் ஓட்டினார். "கொஞ்சம் வலிதானே, இதுக்குப் போயி ஒருநாள் கூலியை விடுறதா?" என்பார். "உழைத்தால் வருகிறது, உட்கார்ந்தால் போகிறது" என்று நாங்கள் சொன்னதைக் கேட்டதுமே மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். சோதனைகளில் தமனி அடைப்பு உறுதியாயிற்று. மருந்துண்டு இன்று நலமாக உள்ளார்.

எனவே வலியின் அளவு நோயின் அளவன்று. நீரிழிவு உள்ளவருக்கும் முதியோருக்கும் மாரடைப்பே மெல்லிய வலியோடு வரலாம். உழைப்பில் வரும் வலியை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஓய்விலும் நீங்காத இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியன தோன்றினால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே! நம் வீட்டுப் பெரியவர்கள் தம் வலியைத் தாமாகச் சொல்லமாட்டார்கள். "எப்போது வருகிறது? எதனால் நிற்கிறது?" என்று நாமே கேட்போம். நாம் கற்ற அறிவியல் முதலில் நம் வீட்டுக்குப் பயன்படட்டும்!