விடியலைக் காணோமே!

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ரெங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மா முறுக்கு சுடுவார். விறகு அடுப்புதான். எரிவாயு அடுப்பு வீட்டுக்குள் இருந்தாலும் அதில் சுட்டால் ருசி வராது என்பது அவர் கட்சி. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியலுக்கு முன்பே எழுந்துவிடுவது அவருக்கு இன்றைக்கும் மாறாத பழக்கம்.

அப்படி ஒரு காலையில், ஆறரை மணி வாக்கில், அக்காள் மகள் அவரைப் படம் எடுத்தாள். ஜொகூர் பாருவில் வேலை பார்ப்பவள். படம் எடுப்பதில் ஆர்வம். பின்னால் செம்பனை மரங்களுக்கு மேல் வானம் கருநீலமாக இருந்தது. அடுப்புத் தீயின் செம்மஞ்சள் அம்மாவின் ஒரு பக்கக் கன்னத்திலும் கையிலும் விழுந்தது. மற்றதெல்லாம் இருட்டு.

படம் குடும்பப் புலனக் குழுவுக்கு வந்தது. ‘சூப்பர்’ என்று நான்கு பேர். ‘முறுக்கு எங்களுக்கு இல்லையா?’ என்று இரண்டு பேர். பிறகு ஓர் அத்தை, “பாட்டி ரொம்பக் கறுப்பா தெரியுறாங்க, கொஞ்சம் வெளிச்சம் பண்ணும்மா” என்று எழுதினார். நானும் அதை ஆமோதித்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவளும் கைப்பேசியிலேயே வெளிச்சத்தைக் கூட்டி மறுபடி அனுப்பினாள். முகம் பளிச்சென்று தெரிந்தது. எல்லாருக்கும் திருப்தி.

அன்று மாலை அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சற்று நேரம் பார்த்தார். “இது எப்போ எடுத்தது? நான் விடியக்காலையில இல்ல சுட்டேன்? விடியலைக் காணோமே!” என்றார்.

அத்தனை பேரும் சொன்னதில் உருப்படியான கருத்து அந்த ஒன்றுதான். ‘நன்றாக இருக்கிறது’ என்றோ ‘நன்றாக இல்லை’ என்றோ அவர் சொல்லவில்லை. படத்தில் எது தொலைந்துபோனது என்று சொன்னார்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

ஒளிக்கும் வெப்பநிலை உண்டு. அதைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். மெழுகுவர்த்திச் சுடர் ஏறத்தாழ 1,900 கெல்வின். அதனால் அது செம்மஞ்சள். நண்பகல் வெயில் 5,500 அளவில் வெண்மையாகத் தெரியும். சூரியன் எழுமுன் இருக்கும் நீல வானத்தின் ஒளி 10,000-ஐயும் தாண்டும். அம்மாவின் படத்தில் இந்த இரண்டு கோடிகளும் ஒரே சட்டத்துக்குள் இருந்தன. குளிர்ந்த நீலத்துக்கு நடுவே சூடான தீ. விடியற்காலை என்ற உணர்வை அந்தப் படத்துக்குக் கொடுத்ததே இதுதான். வெளிச்சத்தைக் கூட்டியதும் நீலம் சாம்பலாயிற்று, தீ வெளுத்தது. முகம் கிடைத்தது, பொழுது போய்விட்டது.

கைப்பேசிக்கு இது புரியாது. காட்சி முழுவதும் நடுத்தரமான சாம்பல் நிறம் என்று எண்ணித்தான் கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. கரிய பின்னணி இருந்தால் தேவைக்கு மேல் வெளிச்சத்தைக் கூட்டும். வெள்ளைச் சுவருக்கு முன் நின்றால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அப்போது நம் முகம் மட்டும் கரியாகத் தெரியும். செம்பனைத் தோப்புக்குள் எடுத்த படத்தில் முகத்தில் பச்சை படிவதும் இப்படித்தான். இலைகளில் பட்டு வரும் ஒளியே பச்சையாக இருக்கிறது. குற்றம் நம் நிறத்தில் இல்லை.

‘கறுப்பா தெரியுது’

இந்தச் சொல்லுக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. படச்சுருள் காலத்தில், நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் கோடாக் நிறுவனம் 1950-களில் ஆய்வுக்கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பியது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷர்லி என்ற ஊழியரின் படம் முதலில் பயன்பட்டதால் ‘ஷர்லி அட்டை’ என்றே அதற்குப் பெயர் வந்தது. அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கரிய தோல் எப்படி வருகிறது என்று பார்க்க அட்டை இல்லை. சாக்லேட்டும் மர நாற்காலியும் விளம்பரத்தில் சரியான நிறத்தில் வரவில்லை என்று வணிகர்கள் முறையிட்ட பிறகே பழுப்பு நிறங்களில் கவனம் திரும்பியதாகக் கோடாக்கில் பணியாற்றியவர்களே பின்னாளில் கூறியிருக்கிறார்கள். பல இனத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. 2021-இல் வெளிவந்த பிக்சல் 6 கைப்பேசியில், எல்லாத் தோல் நிறங்களையும் உள்ளபடி காட்டுவதற்கென்றே ‘ரியல் டோன்’ என்ற வசதியைக் கூகுள் சேர்த்தது.

நம் வீடுகளிலும் பழக்கம் வேறாக இல்லை. ஸ்டூடியோவில் கண்ணாடிக்கு முன்னால் சீப்போடு பவுடர் டப்பாவும் இருக்கும். பூசிக்கொள்ளாமல் யாரும் கேமராவுக்கு முன் உட்காரமாட்டார்கள். இன்று அந்தப் பவுடர் செயலிக்குள் போய்விட்டது.

இதற்கு மாறாக நடந்தவரும் நம்மிடையே இருந்தார். மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்ற பாலு மகேந்திரா, சன்னல் வழியே வரும் இயல்பான ஒளியை நம்பினார். முகத்தை வெளுப்பாக்கும் ஒப்பனையை நம்பவில்லை. மாநிறமான நடிகைகளை அவர்களுடைய நிறத்திலேயே காட்டினார். ‘மூன்றாம் பிறை’ ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது பெற்றார். அவருடைய ‘வீடு’ படத்தில் நடித்த அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அந்த முகத்தை யாரும் ‘வெளிச்சம் பண்ண’ச் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வது?

யாராவது படத்தை அனுப்பினால் முதலில் உங்கள் திரையைச் சரிபாருங்கள். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று வைத்த இரவு அமைப்பு எல்லாப் படத்தையும் மஞ்சளாக்கும். வெளியே வெயிலில் நின்று பார்த்தால் எந்தப் படமும் இருட்டுத்தான்.

பிறகு உங்கள் கண் முதலில் எங்கே போயிற்று என்று சொல்லுங்கள். அடுத்து, என்ன உணர்வு வந்தது, அதற்கு எந்த நிறம் காரணம் என்று சொல்லுங்கள். ‘மஞ்சளா இருக்கு’ என்பதற்குப் பதில், ‘இந்த மஞ்சள் குத்துவிளக்கிலிருந்து வந்ததா, டியூப் லைட் கோளாறா?’ என்று கேட்கலாம். விளக்கின் மஞ்சளை நீக்கினால் பூசையறையும் பல் மருத்துவர் அறைபோல் ஆகிவிடும். ஆள் கறுப்பாகத் தெரிகிறார் என்று தோன்றினால், ஒரு கணம் நிறுத்தி யோசியுங்கள். கண்ணும் முகபாவமும் தெரியவில்லையா? அது படத்தைப் பற்றிய குறை, சொல்ல வேண்டியதுதான். அவை தெரிந்தும் நிறம் மட்டும் உறுத்துகிறதா? அப்படியானால் அது படத்தைப் பற்றிய கருத்தே அல்ல.

எப்படிக் கேட்டுக்கொள்வது?

படம் எடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு. ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘சூப்பர்’தான் வரும். ‘இதைப் பார்த்தால் என்ன நேரம் என்று தோன்றுகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள், பதில் மாறும். ஒருவர் சொன்னதும் படத்தை மாற்றிவிடாதீர்கள். சொல்லிவைக்காமல் மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்லும் வைத்தியமும் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூலப்படத்தை அழிக்காமல் வைத்திருங்கள்.

திருமணப் படம் எடுக்கும் இளைஞர்கள் இன்னும் ஒன்று செய்யலாம். ‘சினிமா மாதிரி வேணும்’ என்று கேட்கும் குடும்பத்திடம், அவர்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று படங்களை முன்கூட்டியே காட்டச் சொல்லுங்கள். மணமகளின் நிறத்தை மாற்றுவதா வேண்டாமா என்று மணமகளிடமே கேளுங்கள். பின்னால் வரும் மனத்தாங்கல் பாதி குறையும்.

அத்தை சொன்னதிலும் ஓர் உண்மை இருந்தது. முதல் படத்தில் அம்மாவின் இடது கண் இருட்டில் மறைந்துதான் இருந்தது. அக்காள் மகள் மூலப்படத்தை மறுபடி எடுத்தாள். அந்தக் கண் தெரியும் அளவுக்கு மட்டும் அங்கே வெளிச்சத்தைக் கூட்டினாள். நீலத்தைத் தொடவில்லை, தீயைத் தொடவில்லை, நிறத்தையும் தொடவில்லை. குளுவாங்கில் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டினோம்.

அம்மா அருகில் போய்ப் பார்த்தார். “மணி ஆறரை இருக்கும். இன்னும் ஓர் ஈடு சுட வேண்டியிருந்துச்சு” என்றார்.