மீட்டர் மேலே ஒரு துண்டு!

2025 மார்ச் மாசம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். தி.நகர் பனகல் பார்க். மும்பையிலிருந்து வந்திருந்த நண்பன், இரண்டு கையிலும் ஜவுளிக்கடைப் பைகளோடு, எதிரே நின்ற ஆட்டோவில் விறுவிறுவென்று ஏறி உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த பிறகு, ‘‘மயிலாப்பூர், லஸ் கார்னர்’’ என்றான்.

எனக்குப் பகீரென்றது. டிரைவருக்கு என்னைவிடப் பகீர்! ரேட் பேசாமல் வண்டியில் ஏறிய ஓர் ஆளை அவர் தன் சர்வீஸிலேயே அன்றைக்குத்தான் பார்க்கிறார் போலிருக்கிறது.

சென்னையில் பிறந்து வளர்ந்த எவனாவது இந்தக் காரியத்தைச் செய்வானா? இங்கே அதற்கென்று ஒரு முறை இருக்கிறது, ஸார். முதலில் வண்டிக்கு ஓரடி தள்ளி நிற்க வேண்டும். தலையை மட்டும் உள்ளே நீட்டி, நமக்கு அவசரமே இல்லை என்பது மாதிரியான குரலில், ‘‘லஸ் வருமா?’’ என்று கேட்க வேண்டும். டிரைவர் நம் ஷூவைப் பார்ப்பார். பையைப் பார்ப்பார். மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார். பிறகு ஒரு தொகை சொல்வார். ‘ஆட்டோவையா விலைக்குக் கேட்டேன்?’ என்கிற மாதிரி நாம் முகத்தில் அதிர்ச்சி காட்ட வேண்டும். காட்டிவிட்டு மூன்று அடி நடக்க வேண்டும். நாலாவது அடியில், ‘‘சரி, எவ்ளோதான் குடுப்பே... சொல்லு சார்’’ என்று பின்னாலிருந்து குரல் வரும். வரவில்லையென்றால் நம் கணக்கு தப்பு. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நாமே திரும்பி வர வேண்டும்!

இவ்வளவு சாஸ்திரத்தையும் ஒரே நொடியில் மீறிவிட்டு, ‘‘மீட்டர் போடுங்க’’ என்று வேறு சொன்னான் நண்பன்.

மீட்டர் இருந்தது. அதன் மேல் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார். ‘சாருக்கு ஊரு புதுசா?’ என்ற அந்தப் பார்வையில் கோபமில்லை, பரிதாபம்தான். ‘‘நூத்தம்பது குடுத்துடுங்க சார். மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டி வெச்சிருக்கான், சுத்திக்கினு போவணும். ரிட்டன் எம்டியா வரணும்’’ என்றார்.

மூன்று அடி நடக்கலாம் என்றால், நம் ஆள்தான் உள்ளே உட்கார்ந்திருக்கிறானே! எப்படியோ கெஞ்சிக் கொஞ்சி நூற்று இருபதில் முடித்தேன்.

வெங்கட்நாராயணா ரோடு தாண்டுவதற்குள் நண்பன் ஆரம்பித்துவிட்டான். ‘‘ஏன்டா, சட்டப்படி இதுக்கு எவ்வளவு ஆகும்?’’

29... 57... 99...

பனகல் பார்க்கிலிருந்து லஸ் கார்னர் நாலரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2007-ல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு 14 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 6 ரூபாய். அந்தக் கணக்கில் லஸ்ஸுக்கு 29 ரூபாய்.

அடுத்த மாற்றத்துக்கு ஆறு வருஷம் ஆனது. 2013 ஆகஸ்ட் 25 முதல் புதுக் கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் 12 ரூபாய். ராத்திரி 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. லஸ்ஸுக்குப் பகலில் 57 ரூபாய் சொச்சம். ரசீது அச்சடித்துக் கொடுக்கும் ஜி.பி.எஸ். மீட்டரை ஆட்டோக்களுக்கு இலவசமாகத் தரப்போவதாகவும் அரசு அறிவித்தது. போலீஸும் ஆர்.டி.ஓ. ஆபீஸும் ரோட்டில் நின்று சோதனை போட்டார்கள். கொஞ்ச மாசம் மீட்டர் ஓடவும் செய்தது. ‘அட, நம்ம சென்னையா இது!’ என்று கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டோம்.

அப்புறம்? இலவச மீட்டர் வரவில்லை. 2013-ல் லிட்டர் எழுபது சொச்சத்தில் இருந்த பெட்ரோல், 2021 ஜூலையில் சென்னையில் 100 ரூபாயைத் தாண்டியது. அரிசி, பருப்பு, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் ஏறின. ஆட்டோவின் அரசுக் கட்டணம் மட்டும் மெரினா கடற்கரைச் சிலை மாதிரி நின்ற இடத்திலேயே நின்றது. கட்டணத்தை மாற்றியமைக்கும்படி 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம்கூடச் சொல்லிப் பார்த்தது. ஊஹூம்!

பொறுத்துப் பார்த்த ஆட்டோ சங்கங்கள், 2025 பிப்ரவரி 1 முதல் தாங்களே ஒரு கட்டணத்தை அறிவித்தன. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், அதற்கு மேல் 18 ரூபாய். லஸ்ஸுக்கு 99 ரூபாய் ஆகிறது. ‘இது அரசு அறிவித்த கட்டணமல்ல, கூடுதலாக வாங்கினால் நடவடிக்கை’ என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள்.

ஆக, சட்டம் சொன்னது 57. சங்கம் சொன்னது 99. டிரைவர் கேட்டது 150. நான் ஒப்புக்கொண்டது 120. ஒரே ரோடு, நாலு விலை!

அதே பிப்ரவரி 1!

நந்தனம் சிக்னலில் நின்றபோது நண்பன் சிரித்தான். ‘‘அதே பிப்ரவரி ஒண்ணாந் தேதிதான்டா எங்க ஊர்லயும் ஏத்தினாங்க. எவ்வளவு தெரியுமா? மூணே மூணு ரூபா!’’

நிஜம்தான். மும்பையில் அன்றைக்கு ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணம் 23 ரூபாயிலிருந்து 26 ஆனது. கறுப்பு-மஞ்சள் டாக்ஸிக்கு 28-லிருந்து 31. ‘‘அப்பப்போ ரெண்டு, மூணுன்னு ஏத்திடுவாங்க. நாங்களும் முணுமுணுத்துக்கிட்டே குடுத்துடுவோம். டிரைவருக்கும் கட்டுப்படியாகுது, எங்களுக்கும் சண்டை மிச்சம்.’’

2024-ல் நான் மும்பை போயிருந்தபோது, அந்தேரி ஸ்டேஷன் வாசலில் பழக்கதோஷத்தில் ஆட்டோவுக்குள் தலையை நீட்டி, எனக்குத் தெரிந்த ஒரே ஹிந்தியில், ‘‘கித்னா?’’ என்றேன். டிரைவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு மீட்டரைக் காட்டினார். இறங்கும்போது 46 ரூபாய். ஐம்பது ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டு, சென்னை வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். ‘‘பாய்ஸாப்!’’ என்று கூப்பிட்டு நாலு ரூபாயைக் கையில் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி வரைக்கும் அந்தச் சில்லறையைச் செலவழிக்க மனசு வரவில்லை.

அதற்காக மும்பையைச் சொர்க்கமென்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்துத் தெருவுக்குக் கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி போய்விடுவார்கள். பாந்த்ரா, சயான் தாண்டித் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதியும் கிடையாது. பெங்களூரில் 2025 ஆகஸ்ட் 1 முதல் முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் 18 ரூபாய். அதாவது நம் லஸ் தூரத்துக்கு 81. அங்கேயும் ‘மேல போட்டுக் கொடுங்க ஸார்’ உண்டு. ஆனால், எதற்கு மேலே என்று கேட்டால் காட்டுவதற்கு நடப்பில் ஒரு கணக்காவது இருக்கிறது.

லண்டன் கதை இன்னும் விசேஷம். அங்கே கறுப்பு டாக்ஸி ஓட்ட வேண்டுமென்றால் ‘தி நாலெட்ஜ்’ என்று ஒரு பரீட்சை. 1865-லிருந்து நடக்கிறது. சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் இருக்கிற சுமார் 25,000 தெருக்களும் மனப்பாடமாக வேண்டும். பாஸ் பண்ணப் பல வருஷம் ஆகும். நம்மூரிலும் ‘நாலெட்ஜ்’ உண்டு. ஆளின் முகத்தைப் பார்த்தே எவ்வளவு கேட்கலாம் என்று கண்டுபிடிக்கும் நாலெட்ஜ்!

‘‘ஆப் வந்துடுச்சே, அதுல கூப்பிட வேண்டியதுதானே?’’ என்றான் நண்பன்.

கூப்பிட்டோமே! செல்போனில் 85 என்று காட்டும். இரண்டாவது நிமிஷம் போன் வரும். ‘‘எங்க சார் போவணும்? கேஷா, ஆன்லைனா? மேல ஒரு முப்பது போட்டுக் குடுத்துடுறீங்களா?’’ அதாவது, முன்பெல்லாம் தெருவில் நின்று பேசிய பேரத்தை இப்போது வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடியே பேசலாம். விஞ்ஞான முன்னேற்றம்!

‘‘நானும் கேட்டுக்கினுதான் வர்றேன்...’’

ஆழ்வார்பேட்டை வந்தபோது டிரைவர் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

‘‘நானும் கேட்டுக்கினுதான் வர்றேன் சார். கவர்மென்ட் ரேட்டுல அம்பத்தேழு ரூபாய்க்கு உங்களை இட்டாந்து உட்டா, வண்டி வாடகை யாரு குடுப்பா? கேஸு? தண்டல்காரன் சாயங்காலம் வந்து நிப்பான். அதான் நூத்தம்பது கேக்குறேன். நீங்க கொறைப்பீங்கன்னு தெரிஞ்சேதான் கேக்குறேன்.’’

‘‘கொறைக்கலைன்னா?’’ என்றான் நண்பன்.

டிரைவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. லஸ் சர்ச் ரோட்டில் வண்டியைத் திருப்பிய பிறகு சொன்னார்: ‘‘பேசத் தெரிஞ்சவங்க எல்லாம் கொறைச்சுக்குவாங்க சார். ஆஸ்பத்திரிக்குப் போற கெழவி, ஊர்லேந்து வேலைக்கு இன்டர்வியூன்னு வந்து நிக்கிற பையன்... அதுங்கதான் கேட்டதை அப்படியே குடுத்துட்டுப் போவும். நீங்க கொறைச்ச முப்பது ரூபாயை நான் அதுங்ககிட்டதான் வாங்குறேன். எனக்கு மட்டும் இன்னா, ஆசையா? ஒரு நாளைக்கு இருபது வாட்டி இந்தப் பேச்சு பேசணும் சார். பேஜாரா கீது.’’

எனக்குச் சுருக்கென்றது. முப்பது ரூபாய் குறைத்துவிட்ட பெருமையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், மெல்லக் காலை நிறுத்தினேன்.

லஸ் கார்னர். நாங்கள் இறங்குவதற்குள் ஒரு வயதான அம்மா வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். கையில் ஒயர் கூடை, அதில் ஃபிளாஸ்க், மருந்துச் சீட்டு. ‘‘அடையாறு வருமாப்பா?’’

‘‘நூத்து...’’ என்று வாய்வரை வந்தது டிரைவருக்கு. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

‘‘நூறு குடும்மா, போதும். ஏறு.’’

நான் 150-ஆகவே கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்து முப்பது ரூபாயைத் திருப்பி நீட்டினார். ‘‘பேசினது பேசினதுதான் சார்’’ என்று சொல்லிவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நல்ல மனுஷர்தான். ஆனால் அன்றைக்கு அந்த அம்மாவுக்கு நியாயமான விலை கிடைத்தது, பக்கத்தில் இரண்டு பேர் சாட்சிக்கு நின்றதால். தினமும், ஒவ்வொரு கிழவிக்கும், ஒவ்வொரு தெருமுனையிலும் யார் வந்து சாட்சிக்கு நிற்பது?

அதற்காகத்தான் ஸார், மீட்டர் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். துண்டு காயப்போட அல்ல!