மோவாய்ச் சத்திர சிகிச்சை

பெருநகரங்களில் மட்டுமே பேசப்பட்டு வந்த மோவாய்ச் சத்திர சிகிச்சையைப் பற்றி இக்காலத்தில் குடவாசல் போன்ற காவிரி நாட்டுச் சிற்றூர்களைச் சார்ந்த இளைஞரும் வினவக் காண்கின்றோம். முகவாய்க்கட்டை உள்ளடங்கியிருக்கிறது என்றும், அதனை முன்னே கொணர வழியுண்டா என்றும் அவர் கேட்கின்றனர். வழியுண்டு. அவ்வழியே செல்பவருக்கு நேர்வன யாவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒன்று கூறல் வேண்டும். கைப்பேசியை முழங்கை தொலைவில் பிடித்து எடுத்த படத்தைக் கொண்டு எவரும் தம் முகத்தைத் தீர்ப்பிடலாகாது. அத்துணை அண்மையில் எடுக்கும் படத்தில் நாசி உள்ளதினும் பெரிதாகவும் மோவாய் உள்ளதினும் சிறிதாகவும் தோன்றும். ஐந்தாறு அடி தொலைவிலிருந்து பிறரொருவர் பக்கவாட்டில் எடுத்த படமே ஓரளவு மெய் கூறும். இவ்வுண்மையை அறிந்த மாத்திரத்திலேயே சிலருடைய கவலை நீங்கிவிடுதல் கூடும்.

நீங்காதவர் விஷயத்தில், குறை மோவாயின் நுனியில் மட்டும் உள்ளதா, கீழ்த்தாடை முழுவதிலுமா என்பதை வைத்தியர் ஆராய்வார். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரே படமும், பல்வரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தும் முறையும் இதனை உணர்த்தும். தாடையே பின்தங்கிப் பற்கள் பொருந்தாதிருப்பின், நுனியை மட்டும் திருத்துதல் சுவர் சாய்ந்திருக்கச் சுண்ணாம்பு பூசுவதை ஒக்கும். அத்தகையோர்க்குப் பல்வரிசையை நேராக்குதலும் தாடையையே நகர்த்துதலும் வேண்டும். வளர்ச்சி முடிவதற்கு முன் இவற்றைப் பெரும்பாலும் செய்யார். பெண்களுக்கு ஏறக்குறைய 16 வயதும் ஆண்களுக்கு 18 வயதும் நிறைவதைக் காத்திருப்பது வழக்கம்.

இவ்விடத்தில் நம் ஊர்ப்புறத்துப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மாமரத்தினின்றோ மதகுச் சுவரினின்றோ விழுந்த சிறுவனுக்கு மோவாயிற் காயம் உண்டாகும். தையலிட்டதும் எல்லாரும் அதனை மறந்துவிடுவர். ஆனால் மோவாயில் விழுந்த அடி, தாடை எலும்பின் வழியே சென்று, செவிக்கு முன்னுள்ள கீலைத் தாக்கும். அக்கீல் முறிந்து, பின்னர் எலும்போடு எலும்பாக ஒட்டிப்போதல் உண்டு. செவியிற் சீழ் பரவுவதாலும் இது நேரிடலாம். வாய் வரவரத் திறவாது, தாடை வளராது, முகம் பறவையின் முகம்போல் ஆகும். உறங்குங்கால் நா பின்னே சரிந்து மூச்சை அடைக்கும். இவர்களுக்கு மோவாய்ச் சிகிச்சை வெறும் அலங்காரம் அன்று. மோவாயின் உட்புறத்தில் நாவின் தசை பற்றியிருப்பதால், எலும்பு முன்னே வரும்போது நாவும் முன்னே இழுக்கப்பட்டு மூச்சுக்கு இடம் பிறக்கிறது. ஆதலின், மோவாயில் அடிபட்ட குழந்தையின் வாய் நன்கு திறக்கின்றதா என்று சில மாதங்கள் நோக்கி வருதல் நலம்.

அழகின் பொருட்டே செய்வதாயினும் நகைத்தற்கு இடமில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த பால் பிராண்ட் என்னும் வைத்தியர், தொழுநோயினின்று குணமடைந்தோர்க்குக் கைகளைச் சீர்செய்ததோடு, உதிர்ந்துபோன புருவங்களையும் அமைத்துக் கொடுத்தார். புருவம் இல்லாமையால் உழைப்புக்குக் குறைவொன்றும் இல்லை. ஆயினும் அவ்வடையாளத்தோடு ஊர் திரும்பினவரை ஊரார் ஏற்கவில்லை. எது வேண்டியது, எது வீண் என்பதை முகத்திற்கு உரியவனே ஒருவாறு அறிவான்.

நாசியைச் சீர்செய்யும் வித்தை நம் நாட்டினது. சுசுருதர் அதனை விவரித்தார். புனாவில் நடைபெற்ற அத்தகைய சிகிச்சை 1794-இல் லண்டன் பத்திரிகையொன்றில் வெளியாகி ஐரோப்பியரை வியப்பித்தது. மோவாயை நகர்த்தும் வித்தையோ ஐரோப்பாவினின்று வந்தது. 1942-இல் ஹோஃபர் என்பவர் தோலின் வெளிப்புறமாக வெட்டிச் செய்யும் முறையை எழுதினார். 1957-இல் டிரவுனர், ஓப்வெகேசர் என்னும் இருவர் வாயின் உட்புறமாகவே அதனைச் செய்யும் வகையை வெளியிட்டனர். முகத்தில் தழும்பு இல்லாமைக்கு இதுவே காரணம்.

இன்று வழங்கும் முறைகள் இரண்டு. ஒன்று, சிலிக்கோன் முதலிய பொருளாலான துண்டை எலும்பின்மேல் வைத்தல். இது எளிது, விரைவில் முடியும், வேண்டாவிடின் எடுத்துவிடலாம். ஆனால் அத்துண்டு இடம் பெயரலாம், சீழ் பிடிக்கலாம், நாளடைவில் அடியிலுள்ள எலும்பைத் தேய்க்கவும் கூடும். மற்றொன்று, முழு மயக்கம் கொடுத்து, கீழுதட்டின் உட்புறத்தைக் கீறி, மோவாய் எலும்பைக் குறுக்கே அறுத்து, அறுத்த பகுதியை முன்னே நகர்த்தி டைட்டானியத் தகடும் திருகாணிகளும் கொண்டு பிணித்தல். நகர்த்துவது சில மில்லிமீட்டர்களே. எலும்பு பத்து மில்லிமீட்டர் நகர்ந்தால் வெளித்தோல் எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் அளவே முன்னே வரும். குறை மிகுதியாயினும், உயரத்தையோ கோணலையோ மாற்ற வேண்டியிருப்பினும் இரண்டாவது முறையே ஏற்றது.

இனி, விளம்பரங்கள் மெல்லக் கடந்துசெல்லும் விஷயத்திற்கு வருவோம். கீழ்வரிசைக் கடைவாய்ப் பற்களுள் முன்னவற்றின் வேர்களுக்குக் கீழே, இருபுறமும் எலும்பிலுள்ள சிறு துளையின் வழியாக ஒரு நரம்பு வெளிவருகிறது. கீழுதட்டிற்கும் மோவாய்த் தோலுக்கும் உணர்ச்சி தருவது அதுவே. வெளிவருமுன் எலும்பினுள் சற்றே தாழ்ந்து வளைந்து வருவதால், துளைக்குக் கீழே ஐந்தாறு மில்லிமீட்டரேனும் விட்டே அறுப்பார்கள். அங்ஙனம் செய்தும், நரம்பு இழுபடுவதால் உதடு மரத்துப்போதல் பெரும்பாலோர்க்கு உண்டு. மோர் உதட்டோரம் வழிவது தெரியாது. சூட்டின் அளவும் தெரியாது. பலர்க்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி மீளும். சிலர்க்கு ஒரு பகுதி என்றும் மீளாது. பிறர் கண்ணுக்கு நன்கு தோன்றும் மோவாய், உரியவன் விரலுக்கு அயலார் பொருள்போல் இருத்தல் கூடும் என்பதை ஒப்புக்கொண்டே இதற்கு இசைய வேண்டும். உதட்டைத் தாங்கும் தசையைச் சரிவரத் தைக்காவிடில் உதடு தொங்கிக் கீழ்ப்பற்கள் வெளியே தெரியும். இது வைத்தியரின் கைத்திறத்தைப் பொறுத்தது.

சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் மருத்துவமனையில் தங்க நேரும். இரண்டாம் மூன்றாம் நாட்களில் வீக்கம் உச்சமடையும். அப்போது கண்ணாடி பார்த்து அஞ்சாதவர் சிலரே. இரண்டு மூன்று வாரங்களில் அது பெரும்பாலும் வடியும். முகத்தின் இறுதி வடிவம் தெளியச் சில மாதங்கள் செல்லும். முதல் நாட்களில் ஆறிய கஞ்சி, நீர்மோர், இளநீர்; பின்னர்க் குழைந்த சோறு. முறுக்கும் கரும்பும் ஆறு வாரங்களுக்கு ஆகா. உணவுக்குப்பின் வாயைக் கொப்பளித்தல் இன்றியமையாதது. வெற்றிலை புகையிலையும் சிகரெட்டும் புண் ஆறுவதைத் தடுக்கும். விடமுடியாதவர் இச்சிகிச்சையை விட்டுவிடலாம். பந்தாட்டமும் சிலம்பமும் எலும்பு கூடும்வரை நிற்க வேண்டும்.

குடவாசலிலிருந்து செல்வோர் தஞ்சை மருத்துவக் கல்லூரியிலோ, சிதம்பரத்தில் 1980-இல் தோன்றிய பல் மருத்துவக் கல்லூரியிலோ, சென்னையில் 1953 முதல் நடைபெறும் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலோ முதலில் ஆலோசனை பெறலாம். முகத்தாடைச் சத்திர வைத்தியமோ பிளாஸ்டிக் சத்திர வைத்தியமோ முறையாகக் கற்றவர்தாமா என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. அழகு நிலையங்களின் மாடியறையில் எலும்பை அறுக்க விடலாகாது. அழகுக்கென்றே செய்யும் சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பணம் பொதுவாகக் கிடைப்பதில்லை. வாயினுள் இட்ட தையல்கள் தாமே கரைந்துவிடும். தகட்டை, தொந்தரவு தராதவரையில், எடுப்பதில்லை. எலும்பு கூடியபின் அதற்கு வேலையின்றேனும், பல்லுக்கென எடுக்கும் எக்ஸ்ரே படங்களில் அது வாழ்நாள் முழுவதும் வெள்ளையாகத் தெரிந்துகொண்டிருக்கும்.