உஷார்! கோயில் மனையில் வீடா? குத்தகைத் தேதியை இன்றே பாருங்கள்

பெரம்பலூரிலோ அரியலூரிலோ கோயில் அடிமனையில் வீடு கட்டிக் குடியிருக்கிறீர்களா? பீரோவில் இருக்கும் குத்தகைப் பத்திரத்தை வெளியே எடுங்கள். காலம் என்றைக்கு முடிகிறது என்று எழுதியிருக்கும் வரியைத் தேடிப் படியுங்கள். தாத்தா பெயரில் போட்ட குத்தகை, அப்பா கட்டிய வாடகை, இப்போது மகன் வாங்கும் ரசீது என்று ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளில் அந்தத் தேதி எப்போதோ தாண்டிப் போயிருக்கலாம். ரசீது வருகிறதே, நமக்கென்ன என்று இருப்பவர்களை நினைத்தால்தான் பதறுகிறது.

1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், 78ஆம் பிரிவில், குத்தகைக் காலம் முடிந்த பிறகும் இடத்தை விடாமல் இருப்பவரையும் 'ஆக்கிரமிப்பாளர்' என்றே சொல்கிறது. நேற்று இரவு வந்து கொட்டகை போட்டவருக்கும், முப்பது வருஷமாக வாடகை கட்டிவரும் குடும்பத்துக்கும் அங்கே ஒரே பெயர்தான். இணை ஆணையரிடமிருந்து நோட்டீஸ் வரும், விளக்கம் கேட்பார்கள், அது ஏற்கப்படாவிட்டால் காலி செய்யச் சொல்லி ஆணை வரும். "இடம் கோயிலுடையதே இல்லை என்று சிவில் கோர்ட்டில் கேஸ் போட்டுவிடலாம்" என்று தைரியம் சொல்பவர்களை நம்பாதீர்கள். கோயிலிடம் குத்தகைக்கு எடுத்தவர் அப்படி வழக்குப் போட முடியாதபடி 79ஆம் பிரிவு கதவை அடைத்திருக்கிறது.

வாடகையை வாங்கிக்கொண்டார்களே, அதுவே நீட்டிப்பு ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. தனியார் வீட்டிலேயே, காலம் முடிந்த பிறகு உரிமையாளர் வாடகை வாங்கினால், குடியிருப்புக்கு அது மாதாமாதக் குத்தகையாகத்தான் சொத்து மாற்றுச் சட்டப்படி நீளும். 15 நாள் நோட்டீஸில் அதை முடித்துவிடலாம். கோயில் இடத்தில் அந்தச் சாய்மானத்தையும் நம்பி உட்கார முடியாது. கையிலிருக்கும் ரசீதில் பணத்தை எந்தத் தலைப்பில் வரவு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 'வாடகை' என்று இருப்பதும், இடத்தைப் பயன்படுத்தியதற்கான இழப்பீடு என்று இருப்பதும் ஒன்றல்ல.

இதைவிடப் பெரிய அபாயம் இடைத்தரகர்கள். "முப்பது வருஷத்துக்கு நீட்டித்து வாங்கித் தருகிறேன், மேலிடத்தில் பேசியாயிற்று, அட்வான்ஸ் மட்டும் கொடுங்கள்" என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும், சென்னையில் இருக்கும் அறநிலையத் துறை ஆணையரின் ஒப்புதல் இல்லாவிட்டால் 34ஆம் பிரிவின்படி செல்லாது. ஒப்புதலுக்கு முன்னால் விவரத்தை வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும். தக்கார் கையெழுத்தோ, செயல் அலுவலர் முத்திரையோ, அறங்காவலர் எழுதிக் கொடுத்த வெள்ளைத் தாளோ அந்த ஒப்புதலுக்கு ஈடாகாது. பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவு இருப்பதால், உரிய அனுமதியோ தடையில்லாச் சான்றோ இல்லாமல் கோயில் சொத்துக்கான பத்திரத்தைச் சார்பதிவாளர் ஏற்கவும் கூடாது. அதனால்தான் இந்தத் தரகர்கள் பதிவு அலுவலகப் பக்கமே போகாமல், நோட்டரி முத்திரையோடு காரியத்தை முடிக்கப் பார்ப்பார்கள்.

எறையூர் சிப்காட்டில் 99 வருஷம் கொடுக்கிறார்களே என்று ஒப்பிட வேண்டாம். அது தொழிற்சாலைக்காக அரசு நிறுவனம் தரும் மனை, சட்டமே வேறு. இங்கிலாந்தில் குத்தகை ஃபிளாட் வைத்திருப்பவர், தகுதி இருந்தால், 90 ஆண்டு நீட்டிப்பைக் கேட்டுப் பெறும் உரிமையை 1993ஆம் ஆண்டுச் சட்டமே தந்தது. அப்படி ஓர் உரிமை கோயில் மனைக்காரருக்கு இல்லை. நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மனையை விலைக்குக் கேட்கும் வழி ஒன்று இருந்தது. 1996ஆம் ஆண்டுத் திருத்தம் கோயில் நிலங்களை அதிலிருந்து விலக்கிவிட்டது. மயிலாப்பூர் கிளப் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

"கட்டடம் மட்டும் விற்பனைக்கு, அடிமனை கோயிலுடையது" என்று மலிவாக வரும் வீட்டை வாங்கப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். கோயில் பதிவேட்டில் வாடகைதாரர் பெயர் மாறாதவரை நீங்கள் யார் என்றே கோயிலுக்குத் தெரியாது. லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, அனுமதியில்லாமல் இருப்பவர் என்ற பெயரை வாங்கிக்கொள்ளாதீர்கள். பழைய பாக்கி எவ்வளவு என்று கோயில் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

நம் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. பெரம்பலூர் 1995இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அரியலூர் 2007இல் மறுபடியும் பிரிந்தது. அதனால் பழைய பத்திரங்களில் திருச்சி மாவட்டம், உடையார்பாளையம் தாலுகா என்று இருக்கும். சர்வே எண்ணும் மாறியிருக்கலாம். புதுப்பிக்க மனு கொடுக்கும் முன், பழைய எண்ணுக்கு இப்போதைய எண் எது என்று தாலுகா அலுவலகத்தில் சரிபார்த்து, நான்கு எல்லையையும் கோயில் சொத்துப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். இதில் பிசகினால், கேட்ட இடம் ஒன்று, கிடைத்த குத்தகை இன்னொன்று என்று ஆகிவிடும்.

காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே செயல் அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். வாரிசு என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேர்த்துப் பெயர் மாற்றமும் கேளுங்கள். அறநிலையச் சட்டத்தின் 34ஏ பிரிவின்படி வாடகையைச் சந்தை நிலவரம் பார்த்து ஒரு குழு நிர்ணயிக்கிறது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அது மாறும். தொகையைப் பார்த்ததும் தலை சுற்றலாம். அந்தக் கோபத்தில் வாடகையை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். குத்தகையையே ரத்து செய்ய அது காரணமாகிவிடும். வாடகையில் ஆட்சேபம் இருந்தால், அதை நிர்ணயித்த ஆணை கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். எனவே தபால்காரர் கவர் கொடுத்த தேதியை அந்தக் கவர் மேலேயே எழுதி வையுங்கள்.