ஆபீஸ் குரூப்: வேலையை எளிதாக்குகிறதா, வீட்டுக்கே கொண்டுவருகிறதா?

இரவு 10 மணி. ஆபீஸ் குரூப்பில் மேனேஜரின் மெசேஜ். திறந்து பார்த்தாச்சு, ப்ளூ டிக்கும் விழுந்தாச்சு. இனி பதில் போடாமல் இருக்க முடியுமா? இன்று பலருக்கும் ஆபீஸ் என்பது கட்டடம் இல்லை, சாட் திரைதான். இது எப்படி நடந்தது?

தோற்ற கேமில் பிறந்த ஸ்லாக்

டைனி ஸ்பெக் நிறுவனம் 'கிளிட்ச்' என்ற ஆன்லைன் கேமை உருவாக்கியது. கேம் எடுபடவில்லை, 2012-ல் மூடிவிட்டார்கள். ஆனால், டீமுக்குள் பேசிக்கொள்ள அவர்களே செய்துகொண்ட சாட் கருவி செம்மையாக வேலை செய்தது. அதுதான் 2014-ல் 'ஸ்லாக்' ஆக வெளிவந்தது. 2021-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் அதை சுமார் 2,770 கோடி டாலருக்கு வாங்கியது. போட்டியாக மைக்ரோசாஃப்ட் 2017-லேயே 'டீம்ஸ்' கொண்டுவந்துவிட்டது.

என்ன லாபம்?

இமெயிலில் ஒரு தகவல், அனுப்பியவர், பெற்றவர் இருவரோடு முடங்கிவிடும். பொதுச் சேனலில் அப்படியில்லை. நேற்று சேர்ந்தவரும் பழைய உரையாடலைத் தேடி, ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். சீனியர் வேலையை விட்டுப் போனாலும், அவர் சொன்ன பதில் அங்கேயே இருக்கும்.

வாட்ஸ்அப்பில் என்ன சிக்கல்?

இங்கே கம்பெனியின் தகவல், ஊழியரின் சொந்த போனில் கிடக்கிறது. போன் தொலைந்தாலோ, ஆள் மாறினாலோ பதிவும் போச்சு. இது சின்ன விஷயம் இல்லை. ஊழியர்கள் வாட்ஸ்அப்பில் பேசிய அலுவல் விஷயங்களைப் பாதுகாத்து வைக்கவில்லை என்பதற்காக, 2021 டிசம்பரில் ஜேபி மோர்கன் நிறுவனத்துக்கு அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் மொத்தம் 20 கோடி டாலர் அபராதம் விதித்தன.

பதில் போட்டே ஆகணுமா?

வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமைக்கான சட்டத்தை பிரான்ஸ் 2017-லும், ஆஸ்திரேலியா 2024-லும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இந்தியாவில் எம்.பி. சுப்ரியா சுலே 2018-ல் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

டீம் என்ன செய்யலாம்?

* முடிவுகளைத் தனி சாட்டில் பேசாமல், எல்லோரும் பார்க்கும் சேனலில் பதியுங்கள்.
* அவசரம் என்றால் போன் கால். மெசேஜ் என்றால் காலையில் பதில் போதும் என்று முன்பே பேசி வையுங்கள்.
* இரவில் தோன்றும் வேலையை 'ஷெட்யூல்' செய்து காலையில் அனுப்புங்கள்.

இந்த விதிகளை முதலில் கடைப்பிடிக்க வேண்டியவர் மேனேஜர்தான். அவர் ராத்திரி மெசேஜ் போட்டால், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று சொல்லும் தைரியம் ஜூனியருக்கு எங்கிருந்து வரும்?